இரண்டு டாக்டர், ஒரு உடம்பு

இப்போதெல்லாம் மனுஷன் தன் உடம்பைக் கூறு போட்டு ஆளுக்கொரு டாக்டர் கையில் கொடுத்துவிடுகிறான். முட்டிக்கு ஒருத்தர், வயிற்றுக்கு ஒருத்தர், தலைக்கு ஒருத்தர். இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. என்னத்தை முழுங்குகிறோம் என்று வீட்டில் இருக்கிறவர்களிடமும் சொல்வதில்லை. கேட்டால் சத்து மாத்திரை என்கிறான். சத்து மாத்திரை தின்கிறவன் மூஞ்சி ஏன் அப்படித் தொங்குகிறது என்று கேட்டால் நான் பொல்லாத கிழவன்.

என் மாப்பிள்ளை மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டுகிறவர். அதே மில்லில் நான் முதுகு வளைகிறவரை கட்டை சுமந்தேன். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. நான், மகள், மாப்பிள்ளை மூன்று பேர். மகன் லாரி ஓட்டுகிறான், அடுத்த தெருவில் இருக்கிறான். மாப்பிள்ளையை மில்லில் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கொசு உட்கார்ந்தால் அது குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிற ஆள்.

போன மாதம் ஒரு கட்டை உருண்டு அவர் தோளில் விழுந்தது. எலும்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தனியாக விட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெரிய மாத்திரை, சொன்ன அளவுக்கு மேல் போடக்கூடாது என்றார். மாப்பிள்ளைக்கு வலி தாங்கவில்லை. மேலேயும் போட்டிருக்கிறார்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்திருந்தேன். கண்ணாடி உடைகிற சத்தம். எழுந்து பார்த்தால் மாப்பிள்ளை கையில் சுத்தியல். பீரோ கதவு நசுங்கிக் கிடந்தது. உடம்பெல்லாம் வேர்வை ஊற்றியது, கை வெடவெடவென்று ஆடியது. கண்ணில் வெள்ளையைவிடக் கருப்புதான் அதிகம்.

"யார்றா நீ? என் வீட்ல என்ன பண்ற?"

மாமா என்பதைத் தவிர வேறு சொல் சொல்லி அறியாத வாய் அது. நான் பேச வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் காதோரமாகப் போய்ச் சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்து என் கண்ணில் விழுந்தது. அடுத்த அடி முழங்கையில். எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது.

மில் வாசலில் லாரியை நிறுத்தியிருந்த மகன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். "மச்சான், அதக் கீழ போடுங்க" என்றான். மச்சான் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டார். ஒரு பல் தெறித்து அடுப்படி வரைக்கும் போனது.

"ஊத்திட்டு வந்திருக்கான்ப்பா" என்று ரத்தத்தைத் துப்பினான்.

நான் மோந்து பார்த்தேன். வாடை இல்லை. "வாடை வராத சரக்கும் இப்ப விக்கிறானுங்க" என்றேன்.

மகன் ஒரு பலகையை எடுத்து அவர் முட்டிக்குப் பின்னால் ஓங்கி அடித்தான். குப்புற விழுந்தார். உடையாத கையால் நான் அமுக்கிப் பிடிக்க, லாரியில் கட்டை கட்டுகிற கயிற்றால் அவன் கையையும் காலையும் சேர்த்து இறுக்கினான். மகன் விலாவில் ரெண்டு மிதி மிதித்தான். நான் தடுக்கவில்லை. முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். துணியைத் தாண்டி அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி சுட்டது. அவர் திமிறினார், பல்லை நறநறத்தார், கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது.

மகள் தையல் கம்பெனியிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவுத்து விடுங்க."

"எறங்கட்டும்க்கா. தெளிஞ்சதும் அவுக்கலாம்" என்றான் தம்பிக்காரன்.

"அவரு குடிக்கல."

"அப்ப பேய் புடிச்சிருக்கா?" என்றேன்.

உள்ளே போய் ஒரு புட்டியை எடுத்துவந்து என் மூஞ்சியில் எறிந்தாள். சத்து மாத்திரை என்று சொல்லி மாப்பிள்ளை வைத்திருந்த புட்டி.

"இது சத்து மாத்திரை இல்ல. மனசு சரியில்லன்னு வேற டாக்டர் குடுத்தது. தினமும் போடுறாரு. வேற மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களான்னு எலும்பு டாக்டர் கேட்டாராம். பக்கத்துல யாரு உக்காந்திருந்தது? நீங்க. உங்க எதிர்ல எப்படிச் சொல்லுவாரு? மில் கணக்குப்புள்ள இதே மாத்திரை சாப்பிட்டப்ப, மறை கழண்ட கேஸுன்னு மில்லே சிரிக்கற மாதிரி பேசினது யாரு?"

"பேசினேன். இப்பவும் பேசுவேன். இவன அவுத்தா மொதல்ல உன்னத்தான் கொல்லுவான்."

அவள் தரையில் கிடந்த உளியை எடுத்துக் கயிற்றை அறுக்கக் குனிந்தாள். முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். திரும்பி என் தொடையில் உளியை இறக்கினாள். பெற்ற மகள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எந்திரி" என்றாள். என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் எழுந்ததும் மாப்பிள்ளை உடம்பு பலகை மாதிரி விறைத்தது. வாயில் நுரை. அப்புறம் தரையில் அடித்துக்கொண்டு துள்ளியது. மகன் பயந்துபோய்க் கயிற்றை அறுத்தான். லாரியில் தூக்கிப் போட்டோம். வழி நெடுக அவள் துணியை நனைத்து நனைத்து அவர்மேல் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் ரத்தம் ஓடியது. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து சொன்னாள். "பிழைச்சுக்குவாரு. தோளுக்குக் குடுத்தது அபின் வகை வலி மாத்திரை. அதையும் மனசு மாத்திரையையும் சேத்துப் போட்டதுதான் வினை. ஆளையே மாத்திடும் ஐயா. வெறி வரும், உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும். கட்டிப் போட்டது இன்னும் மோசம். திமிறத் திமிறச் சூடு ஏறும். இன்னும் கொஞ்ச நேரம் மேல உக்காந்திருந்தீங்கன்னா ஆள் இல்ல."

"நகத்தளவு மாத்திரை. அதுவா இவர் கையில சுத்தியலக் குடுத்துச்சு? உள்ள இருந்தாத்தானம்மா வெளிய வரும்."

உதட்டில் தையல் போட்டு முடித்து வந்த மகன் கேட்டான். "அப்ப நாம ரெண்டு பேரும் எந்த மாத்திரப்பா போட்டோம்?"

அவன் எப்போதும் இப்படித்தான், அடி வாங்கினால் அடித்தவன் கட்சிக்குப் போய்விடுவான்.

"குடுத்தவரும் உங்கள மாதிரிப் படிச்சவர்தானே" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவள் அடுத்த கட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு நினைவு திரும்பியது. எட்டிப் பார்த்தேன். மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம், விலாவில் கட்டு. "மாமா, கையில என்ன கட்டு?" என்று அவர் கேட்டார். ஒன்றும் ஞாபகமில்லை அவருக்கு. மகள் வந்து கதவை மறித்து நின்றாள்.

"அவரு மாத்திரையப் பத்தி இனி வாய் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள வாங்க. இல்லன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். ஆனால் நம்பாததை எப்படிச் சொல்வது? மாத்திரைக்குக் கை கால் இருக்கிறதா? என் முழங்கையை உடைத்தது மாத்திரையா, மனுஷனா?

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். பின்னால் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கேட் தாண்டுகிறபோது காவல்காரன் "மருந்து வாங்கிட்டீங்களா பெரியவரே?" என்றான். என் முழங்கை வலிக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைக் கசக்கி அவன் காலடியில் போட்டுவிட்டு நடந்தேன்.