ஏற்றத்தில் ஒரு மைக்

அக்கா வீட்டுக்கு எதிரேதான் நெடுஞ்சாலை மேடேறத் தொடங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே கியர் மாற்றி உறுமினால் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும். அத்தானுக்கோ இரவு வேலை. பகலில்தான் தூங்க வேண்டும், தூங்கி மாதக்கணக்காகிறது. வீட்டை விற்றுத் தொலைக்கலாமென்றால், பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

தம்பிக்குச் சாலைச் சத்தத்தை அளக்கிற வேலை. சத்தம் வரம்பைத் தாண்டினால் அரசாங்கமே தடுப்புச்சுவர் கட்டித்தரும். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தாண்டாது என்று கையை விரித்துவிட்டது. மேட்டில் லாரி மெதுவாகப் போகிறது, மெதுவாகப் போனால் சத்தம் குறைவு. அதன் புத்தி அவ்வளவுதான். மூச்சு முட்ட ஏறுகிற எஞ்சினை அது எங்கே கண்டது? வேண்டுமானால் அளந்து காட்டு என்று மேலதிகாரி ஒரே ஒரு நாளுக்குச் சத்தம் அளக்கும் மீட்டரைக் கொடுத்திருந்தார்.

காலையில் சாலையோரம் முக்காலித் தாங்கியை நிறுத்தி அதில் மீட்டரின் மைக்கை மாட்டினான். வந்தது வினை. டிரைவர்கள் அதைப் போலீஸ் கேமரா என்று நினைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பூனை மாதிரி ஊர்ந்தார்கள். ஒருவர் சல்யூட் வேறு வைத்தார். மீட்டர் வரம்புக்குக் கீழேயே கிடந்தது. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

மொட்டைமாடியில் மறைத்துவைத்து அளந்தாலும் செல்லும் என்று சொல்ல உள்ளே ஓடினான். அக்கா படுக்கையறை வாசலில் அசையாமல் நின்றிருந்தாள். அத்தான் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாள் கழிச்சுத் தூங்குறாரு பாரு. அந்த மைக் ரோட்டோரத்திலேயே இருக்கட்டும்டா."

"சாயங்காலம் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கணும்க்கா. இது இப்படியே போனா சுவர் வராது."

அக்கா புருஷனை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அவளே போய் முக்காலியைத் தூக்கிவந்து மாடிப் பூந்தொட்டிகளுக்கு நடுவே வைத்தாள். இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் விழுந்தால் அளவு செல்லாது என்று தம்பி எச்சரித்தான்.

அடுத்து வந்த லாரி கீழே கியரை மாற்றியது. எண் வரம்பைத் தாண்டிக்கொண்டு ஏறிற்று. தம்பிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் அத்தான் சிவந்த கண்களோடு மாடியேறி வந்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அக்கா பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினாள். போதுமா என்று தம்பியைக் கண்ணாலேயே கேட்டாள். சாயங்காலம் வரைக்கும் என்று அவன் கையால் காட்டினான்.

அவள் கண்ணில் நீர் கொட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.