கட்டைவிரல் இல்லாத இயற்பியல்

மனித குலம் இயற்பியலில் இன்னும் தத்தித் தத்தி நடப்பதற்கு ஒரே காரணம் கைதான் என்று, சாப்பாட்டு மேசையில் ஃபார்முலா அறிவித்தான்.

"கைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் மூளை வேலை செய்யாதும்மா. யோசிக்க வேண்டிய இடத்துல எல்லாம் தடவிப் பாத்துட்டு நிக்கறான் மனுஷன்."

"அப்போ சாப்பிட்ட தட்ட எதால கழுவப் போற? மூளையாலயா?" என்றார் அம்மா.

ஃபார்முலா என்பது கல்லூரி வைத்த பெயர். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் சமன்பாட்டை எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு, மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்க்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவனுடைய சொந்த அக்கா. போன வருடம் செய்முறைத் தேர்வன்று காய்ச்சலில் சுருண்டு படுத்ததில் அவளுக்கு ஒரு வருடம் போய், தம்பியின் வகுப்பிலேயே வந்து உட்கார வேண்டியதாயிற்று. அவன் ஒருவன் "அக்கா" என்று கூப்பிடப்போக, வகுப்பு முழுக்க அப்படியே கூப்பிட்டது. தலை நரைத்த பேராசிரியர்கூட ஒருநாள் வாய்தவறி, "அக்கா, அந்த வோல்ட்மீட்டர எடும்மா" என்றுவிட்டார்.

செய்முறைக்கு அக்காவும் தம்பியும் ஒரே ஜோடி. ஜோடிக்குச் சேர்த்து ஒரே மதிப்பெண். இரண்டாம் முறையும் செய்முறையில் கோட்டைவிட்டால் படிப்பை விட்டே போக வேண்டியதுதான் என்பது கல்லூரி விதி. அதாவது தம்பி சொதப்பினால் அவனுக்கு ஒரு வருடம் போகும். அக்காவுக்குப் படிப்பே போகும்.

"உன் பேச்ச மூட்டை கட்டி வை" என்று சொல்லிவிட்டு அவள் அட்டைக்குழாய் ஒன்றில் தாமிரக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். கம்பி பார்ப்பதற்கு வெறும் தாமிரம் போல இருந்தாலும் மேலே எனாமல் பூச்சு உண்டு. இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். பிறகு வலது கை விரல்களைக் கம்பி சுற்றிய பக்கமாக மடக்கி, கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாள். மின்னோட்டம் விரல் வழியே போனால், கட்டைவிரல் காட்டுவது சுருளின் வடதுருவம். பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

"யாருகிட்டக்கா லிஃப்ட் கேக்கற?" என்றான் ஃபார்முலா.

இந்த நகைச்சுவையை அவன் வகுப்பிலும் சொல்லியிருந்தான். கரும்பலகைக்கு முன்னால் யாரோ பாவம் விரலை மடக்கியபோது, "தம்பி, அந்த ரூட்ல பஸ்ஸே கிடையாது" என்று மேலே ஒன்றையும் போட்டான். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் எவனும் எவளும் வெளிப்படையாகக் கையை மடக்கியதில்லை. அக்கா மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாந்தமான மனிதர். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். சரியா தப்பா என்பது மட்டும் தெரியாது. ஒவ்வொரு மேசையிலும் அட்டைக்குழாய், கம்பி, சட்டக் காந்தம், மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கால்வனாமீட்டர். சுருளைச் சுற்ற வேண்டும், காந்தத்தை நுழைத்து முள்ளை அசைத்துக் காட்ட வேண்டும். முள் எந்தப் பக்கம் போகும் என்பதை நுழைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

"தம்பி சுத்தட்டும். நீங்க போர்டுக்கு வந்து விளக்குங்க" என்றார் அக்காவிடம்.

கம்பி முனைகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் போனாள். ஃபார்முலா உயரமான முக்காலியில் உட்கார்ந்து இடமிருந்து வலமாகச் சுற்றினான். அழகான அடுக்கு. குழாயின் வலது ஓரம் வந்தது. அங்கிருந்து வலமிருந்து இடமாகத் திரும்பிச் சுற்றுவது அவனுக்கு வாகாக இல்லை. கம்பியை டேப் போட்டு நிறுத்தினான். குழாயைத் தலைமாற்றிப் பிடித்தான். மறுபடியும் இடமிருந்து வலமாகவே இரண்டாம் அடுக்கைச் சுற்றினான். கைக்கு எவ்வளவு சுலபம்! கடைக்காரர்கள் பார்த்தால் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள், அப்படி ஒரு சுருள்.

காந்தத்தை நுழைத்துப் பார்த்தான். முள் குத்துக்கல் மாதிரி நின்றது.

வேகமாக நுழைத்தான். வெடுக்கென்று உருவினான். முள் அசையவில்லை. பக்கத்து மேசைக்காரனின் சுருளைக் கெஞ்சி வாங்கித் தன் கால்வனாமீட்டரில் மாட்டினான். முள் துள்ளிக் குதித்தது. ஆக, மீட்டர் சரி. சுற்றுகளின் எண்ணிக்கை சரி, காந்தம் சரி, வேகம் சரி, சமன்பாடு ரொம்பச் சரி. எனவே இயற்கைதான் எங்கோ தவறு செய்கிறது என்ற முடிவுக்கு அவன் வந்தான். ஆனால் இயற்கைக்கு மதிப்பெண் போட மாட்டார்கள்.

கரும்பலகையருகே அக்காவின் குரல் கேட்டது. "வடதுருவம் கிட்ட வந்தா, சுருளோட அந்த முகமும் வடதுருவமா மாறி எதுத்து நிக்கும் சார். காந்தம் வர்ற பக்கம் கட்டைவிரல நீட்டினா, மத்த விரல் மடங்கற பக்கம் கரன்ட்." ஊரறிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கிறவனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

உப்புத்தாள் கைதவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான்.

மேசைகளுக்கு அடியில் வேறொரு ஆய்வுக்கூடமே நடந்துகொண்டிருந்தது. வரிசையாக மடக்கிய வலது கைகள். ஒரு கட்டைவிரல் கூரையைப் பார்த்தது, இன்னொன்று தரையைப் பார்த்தது, கடைசி மேசையில் ஒன்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவித்தது. மேலே எல்லா முகங்களும் மூளையால் மட்டும் யோசிப்பது போல உத்தரத்தை வெறித்துக்கொண்டிருந்தன.

ஃபார்முலா நிமிர்ந்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு குழாயை மடியில் இறக்கினான். முதல் அடுக்கின் கம்பி போகிற போக்கில் விரல்களை மடக்கினான். கட்டைவிரல் ஜன்னலைக் காட்டியது. டேப் ஒட்டிய இடத்தைத் தாண்டி இரண்டாம் அடுக்கின் போக்கில் மடக்கினான். கட்டைவிரல் கதவைக் காட்டியது.

ஒரு அடுக்கு இழுப்பதை இன்னொரு அடுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சம பலமுள்ள இரண்டு மடையர்கள் கயிறு இழுத்தால் கயிறு எங்கே போகும்? குழாயைத் தலைமாற்றியபோது சுற்றும் திசையையும் சேர்த்து அவன்தான் தலைகீழாக்கியிருக்கிறான்.

இரண்டாம் அடுக்கைப் பரபரவென்று பிரித்தான். இந்த முறை குழாயைத் திருப்பவில்லை. வாகு இல்லாமலேயே வலமிருந்து இடமாக, கோணல்மாணலாகச் சுற்றி முடித்தான். முனைகளை மீட்டரில் பொருத்தவும், தேர்வாளர் அக்காவோடு மேசைக்கு வரவும் சரியாக இருந்தது. அந்தச் சுருளைப் பார்த்து அக்காவின் முகம் சுண்டியது.

"என்னடா இது, காக்கா கூடு மாதிரி?" என்று கிசுகிசுத்தாள்.

"சரி" என்றார் தேர்வாளர். "வடதுருவத்த உள்ள விடப்போறீங்க. முள் எந்தப் பக்கம் போகும்?"

"மைனஸ் சார்" என்றான் ஃபார்முலா கணீரென்று. "சமன்பாட்டுல மைனஸ் குறி இருக்கு."

"சரி. மைனஸ்னா வலமா, இடமா?"

சமன்பாடு முதல் முறையாக அவனைக் கைவிட்டது. அதில் வலமும் இல்லை, இடமும் இல்லை. அக்கா மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபார்முலா உத்தரத்தை வெறித்தான். அவனுடைய வலது கை மேசைக்கு அடியில் போயிற்று. மடங்கிய விரல்களின்படி மின்னோட்டம் மீட்டரின் சிவப்பு முனையில் அல்ல, கறுப்பு முனையில் நுழைகிறது. அப்படிப் போனால் முள் போவது...

"இடது சார்."

காந்தத்தை நுழைத்தான். முள் ஒரு துள்ளு துள்ளி இடப்பக்கம் போய் வந்தது. அக்கா பிடித்திருந்த மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது.

"சரி" என்றார் தேர்வாளர். இந்தமுறை அது சரி மாதிரியே இருந்தது. தாளில் எதையோ எழுதினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மனக்கணக்கு சார்."

அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"சரி. அப்போ தென்துருவத்த விட்டா?"

நேர் எதிர்ப்பக்கம் போகும். இதற்குக் கையும் வேண்டாம், காலும் வேண்டாம். ஃபார்முலாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் முகத்தை உத்தரத்தின் பக்கம் தூக்கிக்கொண்டு, அவன் வலது கையை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கினான்.