தண்ணீர் படக்கூடாத ஊதா

அது செவ்வாயா புதனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நினைவு பல இடங்களில் ஒட்டுப்போட்டது. ஆனால் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் மனைவி அன்று பகல் பதினொன்றே காலுக்குள் தலை முதல் கால் வரை ஊதாவாகிவிட்டாள் என்பதில் சந்தேகமில்லை.

காரணம் குமாஸ்தாவின் கைத்தவறு. முப்பது வருடமாக அவர் பழைய பத்திரங்களிலிருந்து ரெவின்யூ ஸ்டாம்புகளைக் கத்தரித்துச் சேர்த்துவந்தார். மற்றவர் கண்ணுக்கு வெறும் ஊதாவாகத் தெரிவதைக் கத்தரிப்பூ, நாவல்பழம், வெளுத்தது, துருவேறியது என்று பதினொரு உறைகளில் பிரித்து வைத்திருந்தார். அந்த ஸ்டாம்பின் முதல் அச்சு மெல்லிய தாள், தண்ணீர் பட்டால் ஓடிவிடும் மை. அடுத்த அச்சு கெட்டித் தாள், ஓடாத மை. அன்று கையில் கிடைத்ததை விரலால் தடவிப் பார்த்து, கெட்டித் தாள்தான் என்று முடிவுகட்டி, ஊறவைக்கக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். உண்மையில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு மெல்லிய தாள். நிறமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மனைவி முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தைக் கழுவ எடுத்துப்போனாள். ஊதா அவள் விரலில் ஏறி, முழங்கையைத் தாண்டி, டீ கொதிப்பதற்குள் கழுத்துக்கு வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை. கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிறந்த பிறகு அப்படிப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் நாற்காலியை அவள் எதிரில் போட்டுக்கொண்டு, லென்ஸும் கையுமாக இருந்தார். பஸ் கண்டக்டர் அவளுக்கு வழக்கம்போல் டிக்கெட் கிழித்தார். பக்கத்து வீட்டுக்காரி, ஊதாவுக்கு மஞ்சள் புடவைதான் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னாள். அவளுக்கே லேசாகத் தலைக்கனம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். அவரும் ஸ்டாம்பு சேர்ப்பவர், குமாஸ்தாவைவிடப் பெரிய கை.

"அண்ணி, உள்ளங்கையை ஜன்னல் பக்கம் கொஞ்சம் காட்டுங்க."

உள்ளங்கை வழியாக வெளிச்சம் ஊடுருவியது. நடுவில், ஸ்டாம்புத் தாளில் இருப்பதுபோலவே, ஒரு நட்சத்திரமும் கிரீடமும் நீர்க்குறியாகத் தெரிந்தன, தலைகீழாக. கடைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவளிடம் அல்ல, குமாஸ்தாவிடம் பேசினார்.

"ஆறு ஆல்பம் தர்றேன். அண்ணி ஒரு மாசம் என் கடை ஷோகேஸ்ல உக்காரட்டும். டீ, காபி என் பொறுப்பு."

குமாஸ்தா லென்ஸை வேட்டி நுனியில் துடைத்தார். சுவர்க் கடிகாரம் பதினேழு தடவை டிக்கென்றது, அவள் எண்ணினாள்.

"யோசிக்கிறீங்க," என்றாள்.

"இல்லம்மா... எந்த ஆறுன்னு..."

அவள் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவர் பின்னாலேயே ஓடிவந்து, தண்ணீர் படக்கூடாது, எல்லாம் ஓடிவிடும் என்று கதவைத் தட்டினார்.

"ஓடட்டும். நான் இதுக்கு முன்னாடி என்ன நிறம்னு சொல்லுங்க. தெரியலைன்னா இப்பவே மக வீட்டுக்குக் கிளம்பறேன். திரும்பி வர மாட்டேன்."

"மாநிறம்."

"இந்தத் தெருவுல பாதிப் பேரு மாநிறம்," என்று குழாயைத் திறந்தாள்.

கதவைத் தட்டுவது நின்றது. பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். கோபம் வந்தால் கழுத்தில் மட்டும் ஏறும் செம்பு. பொய் சொல்லும்போது காது நுனியில் வரும் ரோஜா. காய்ச்சலில் கிடந்த வருடம் கன்னத்திலிருந்த சாம்பல், அது போக எடுத்துக்கொண்ட நாற்பது நாள். மோதிரத்துக்கு அடியில் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே நின்றுவிட்ட ஒரு கோடு. குதிகால் கெட்டித் தாள், கண்ணுக்குக் கீழே மெல்லிய தாள். கடைக்காரர் முதலில் குறித்துக்கொண்டார், பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அவள் தலையில் தண்ணீரை ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊதா இறங்கித் தரையில் ஓடியது. கதவுக்கடியில் அவருடைய கால்விரல்கள் தெரிந்தன. தண்ணீர் அவற்றை நோக்கிப் போவதைப் பார்த்தாள். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. விரல்கள் நகரவில்லை; நகர்ந்தால் பட்டியல் முடிந்துவிட்டது என்று அவள் நினைத்துவிடக்கூடும். அவர் முழங்கையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தாழ்ப்பாளை எடுத்தாள்.

கடைக்காரர் அதன்பின் நாணயங்களுக்கு மாறினார். மகள் வீட்டுக்கு அவள் விடுமுறைக்கு மட்டும் போய்வந்தாள். இடது காது மடலில் கொஞ்சம் ஊதா தங்கிவிட்டது, அதற்கு அவள் எதுவும் செய்யவில்லை. குமாஸ்தா முழங்கால் வரை ஊதாவாக இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தார். மழை நாளில் மட்டும் வெளியே போக மாட்டார்.