கார் ஷெட்டில் ஒரு கரி பெஞ்ச்

1

இந்தக் கதை என் வேட்டியிலிருந்து பிறந்தது. கொடியில் காய்ந்த வேட்டி முழுக்கப் புகை நாற்றம். பக்கத்து குவார்ட்டர்ஸ் மலர்விழியை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று வேலியைச் சுற்றிப் போனேன். சண்டைக்குப் போனவன் கதையோடு திரும்பினேன். வேட்டியை மறுபடி நானே துவைத்தேன். அது கதையில் வராது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி விலகாத அதிகாலையில் ஒரு பெண் தன் கனவைத் தீயிலிட்டு—’

வேண்டாம். மலர்விழி படித்தால் என்னையும் சேர்த்துக் கொளுத்துவாள். அவள் கொளுத்தியது கனவை அல்ல, பலாப் பலகையை. அதுவும் பட்டப்பகலில்.

நேராகவே சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் மலர்விழிக்கு ஜப்பான் மரவேலையில் பித்துப் பிடித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. வீடியோ பார்த்தே கற்றாள். ஆணி கிடையாது, ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் இறக்கினால் கவ்விக்கொள்ள வேண்டும். ஜப்பான் இழைப்புளியைத் தள்ளக் கூடாது, தன் பக்கம் இழுக்க வேண்டும். இத்தனையும் நடப்பது வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில். அந்த ஷெட்டுக்குத்தான் ஆபத்து. அவள் கணவன் சிலம்பரசன் கார் புக் செய்துவிட்டான்.

“காரு வெயில்ல நிக்கவா மலரு? நீ செஞ்சதுல இதுவரைக்கும் யாராச்சும் உக்காந்துகினு இருந்ததப் பாத்திருக்கியா?”

கேட்டதில் நியாயம் இருந்தது. முதலில் செய்த முக்காலி ஆடியது. அடுத்துச் செய்த மேசை அவ்வளவு தாழ்வு. அதைச் சாப்பாட்டு மேசை என்று நம்பியது எங்கள் வீட்டுப் பூனை மட்டும்தான்.

“இப்ப ஒரு பெஞ்ச் செய்யறேன். கார் வர்றதுக்குள்ள நம்ம வீட்டு ஆள் ஒருத்தர், நான் கூப்பிடாம, தானா வந்து அதுல உக்காரணும். உக்காந்தா ஷெட் எனக்கு. இல்லேன்னா உங்களுக்கு.”

(மகள் தமிழ்நிலா கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ஆக, வீட்டு ஆள் என்றால் மிச்சம் இவன் ஒருவன்தான். இது மலர்விழிக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். கணக்கு டீச்சர்.)

3

பெஞ்ச் எழுந்து நின்றது, ஆடவில்லை. ஜப்பானில் பலகையின் மேற்புறத்தை எரித்துக் கரியாக்குவார்களாம். அப்படிச் செய்தால் கரையான் சீந்தாதாம். கேஸ் டார்ச்சை வைத்து அதையும் செய்துவிட்டு டியூஷனுக்குப் போனாள். என் வேட்டி நாறியது அன்றைக்குத்தான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கும் சிலம்பரசன் வாழ்க்கையில் பாதி, கரியைக் கழுவுவதிலேயே போயிருக்கிறது. அன்று அவனுக்கு லீவு. மலர்விழி திரும்பி வந்தபோது தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பவுடருமாக பெஞ்சின் மேல் கவிழ்ந்திருந்தான்.

“பாவம், ஆசையா செஞ்சியே, கரி புடிச்சிப் போச்சேன்னு தேச்சிகினு இருக்கேன்,” என்றான், முழங்கை வரை கறுத்து, பெருமையாக.

இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதியிருந்தேன். ஒன்றரைப் பக்கம், பாத்திரங்கள் பறந்தன. மலர்விழி படித்துவிட்டு, “இல்லாத பாத்திரத்தை எதுக்கு சார் உடைக்கறீங்க?” என்றாள். அத்தனையையும் அடித்து நீக்கிவிட்டேன்.

நடந்தது இதுதான்: தலையில் கை வைத்துக்கொண்டு கிட்டே போனவள், அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எரித்த பலகையைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும், அடுத்த வேலையே அதுதான். அதற்காகப் பிரஷ்கூட வாங்கி வைத்திருந்தாள். உதிரிக் கரி போய் மரத்தின் ரேகைகள் கறுப்பாக எழும்பி நின்றன. அடியில் பலாவின் மஞ்சள் லேசாகத் தெரிந்தது. ஈரம் காய்ந்ததும் எண்ணெய் தேய்த்தாள்.

“அம்சமா கீது,” என்றான் சிலம்பரசன். நின்றுகொண்டே சொன்னான்.

4

அவன் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான நாள் முதல், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் வந்ததும் மலர்விழியிடமிருந்து அவன் காதில் விழும் முதல் வார்த்தை ‘குளிச்சிட்டு உக்காருங்க.’ டீயைக் கொல்லைப்புறக் குழாயடியில் நின்றபடியே குடிப்பான். குளித்த பிறகும் எதிலாவது உட்காரும் முன் ஒரு தயக்கம்.

கார் வருவதற்கு முந்தின நாள். சுரங்கத்து பஸ் இறக்கிவிட்டுப் போனது. மலர்விழி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். சிலம்பரசன் ஷெட்டுக்குள் பெஞ்ச் முன் நின்றான். தன் பேன்ட்டைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். இரண்டும் கறுப்பு. உட்கார்ந்துவிட்டான். ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினான்.

வாய்வரை வந்த வழக்கமான வார்த்தையை அவள் விழுங்கினாள். டீ எடுத்துப் போனாள்.

“இதுல கறை தெரியாதுல்ல?”

“தெரியாதுங்க.”

“இத்தினி வருசமா நின்னுகினே குடிச்சிகினு இருந்தேன் மலரு.”

குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. (‘சிரிப்புதான் வந்துச்சு’ என்கிறாள். இரண்டும் வந்தது என்று எழுதுகிறேன்.)

5

ஷெட் அவளுக்கு. கார் தெருவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. இதோடு முடித்து, ‘சுபம்’ போடாத குறையாக மலர்விழியிடம் படிக்கக் கொடுத்தேன்.

“கார் எங்க நின்னா என்ன சார்? பெஞ்ச் ரெண்டு பேருக்கு அளவெடுத்துச் செஞ்சேன். நான் உக்காந்தேனா இல்லையான்னு எழுதவே இல்லையே.”

சரி, மறுபடி எழுதுகிறேன். சிலம்பரசன் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. அதில் அவன் கை பட்ட கரி வேறு. டியூஷனுக்குக் கிளம்பி நின்ற மலர்விழி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால்—

மீதியை நீங்கள் எழுதுங்கள். புடவை வெளிர்மஞ்சள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.