சிவப்பு எண்ணெய் ஏறிய வழி

"கியர்பாக்ஸ் தட்டெல்லாம் கருகிடுச்சு அண்ணி, நான் சொல்றதை—"

"கருகினா நாறணும்ல? மோந்து பாத்தியா?"

"—முதல்ல கேளுங்க, கியர்ப் பெட்டியே போச்சு, இதுல மோந்து வேற—"

"மூக்கு எதுக்கு வச்சிருக்க? கோபம் வர்றதுக்கு மட்டுமா?"

அண்ணியும் கொழுந்தனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் பட்டறையில் கம்ப்ரெசர் சத்தம்கூடக் காதில் விழாது. கியர்பாக்ஸ் அவன் பொறுப்பு. வயர், விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கை. இருவருக்கும் நடுவே டீச்சரின் பழைய சொகுசுக் கார், கப்பல் மாதிரி, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீச்சர். எதிரே காயலான் கடைக்காரர், வண்டியை எடைக்கு எழுதி வாங்கும் காகிதத்தோடு. "கியர்பாக்ஸ் அவ்வளவுதான், இந்த வண்டிக்கு இனி கிடைக்காது" என்று நேற்று டீச்சருக்குப் போனில் சொன்னவன் கொழுந்தன்தான். அதை நம்பித்தான் அந்த அம்மாள் காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தார்.

"முதுகு ஒடைஞ்ச புருஷனை டீச்சர் வாரம் மூணு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. இந்தப் பின்சீட்டுலதான் அவரால படுக்க முடியுது. நாளைக்கு டாக்ஸியில மடிச்சு வைப்பியா?"

"அதுக்கு நான் என்ன பண்ண?" நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை அவனுக்கு. கைத்துணியை முறுக்கினான், உதறினான், மறுபடி முறுக்கினான்.

"சாவியை அணைச்சு மறுபடி போட்டா என்ன ஆகுது?"

"கொஞ்ச தூரம் நல்லா ஓடுது. அப்புறம் ரெண்டாம் கியர்லயே பூட்டிக்குது."

"கருகின தட்டு சாவியைத் திருப்பினா ஆறிடுமா? பெட்டிக்கு நோவு இல்லப்பா. கம்ப்யூட்டர் மண்டைக்குப் போற சேதிதான் வழியில கெட்டுப்போகுது."

"ஸ்கேனர்ல சென்சார் கோளாறுன்னு வருது. அது பெட்டிக்குள்ளதான—"

"ஸ்கேனர் சொல்லட்டும். நீ இங்க வா."

முன்சீட்டின் காலடி விரிப்பைச் சுருட்டி, மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டரின் பிளக்கை உருவினாள். வெள்ளைத் தாளால் உள்ளே ஒற்றி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"எண்ணெய்."

"எந்த எண்ணெய்?"

சிவப்பு. கருகல் வாடை கொஞ்சமும் இல்லை. வண்டிக்கு அடியில் கிடக்கிற பெட்டியின் எண்ணெய், திரியில் ஏறுவதுபோல வயருக்குள்ளேயே ஏறி இவ்வளவு தூரம் வந்திருந்தது.

போன வருஷம் எண்ணெய் மாற்றியபோது பெட்டிப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றியவன் அவன்தான். எண்ணெய் கசியாமல் தடுக்கும் அதன் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தன. புதியவை சட்டைப் பையிலேயே இருந்தன. பிரித்துப் போட ஐந்து நிமிஷம். சாப்பாட்டு நேரம். 'இன்னும் தாங்கும்' என்று பழையதையே அமுக்கிவிட்டுக் கைகழுவப் போய்விட்டான். இந்த நிமிஷம்வரை அது நினைவிலேயே இல்லை.

"வளையம் புதுசுதானே போட்ட?"

அவன் கைத்துணியால் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கொழுந்தனாரே, உங்களைத்தான்."

"பிளக்கை மாத்தி, வயரைச் சுத்தம் பண்ணிட்டா நாளைக்கே ஓடிடும் அண்ணி."

"ஓடும். நான் அதைக் கேக்கல."

"வயர்ல கோளாறுன்னு சொல்லிடலாமா?"

"ஏன், வயரு தாகம் எடுத்துத் தானா குடிச்சுதாமா?"

தடுப்புக்கு அப்பால் டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவின் மூடி திறந்தது. அவன் துணியைத் தரையில் போட்டுவிட்டு நடந்தான். நாலே எட்டுதான், மூச்சு வாங்கியது.

"வாப்பா தம்பி, நல்ல வேளை வந்த. இவர் எங்கேயோ கையெழுத்துப் போடச் சொல்றார், ஒண்ணும் தெரியல. நீ படிச்சுச் சொல்லு, போட்டுடறேன்."

"போடாதீங்க டீச்சர். பெட்டி நல்லாத்தான் இருக்கு. போன வருஷம் புது வளையத்தைப் பையில வச்சுக்கிட்டே பழசைப் போட்டு அனுப்பினேன். வண்டியைக் கெடுத்தது நான்தான்."