காய்ந்த இலை நிறக் கூடாரம்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவில் அந்தக் கடைக்குள் நுழைவதற்குள் பல தடவை திரும்பிப் பார்த்தேன். திருடப் போகிறவள்கூட அவ்வளவு தடவை திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். நான் வாங்கப் போனது ஒரு கூடாரம், அவ்வளவுதான். ஆனால் மலையேறிப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் வாங்கும் கூடாரம் வேறு, இருக்க இடமில்லாதவள் வாங்கும் கூடாரம் வேறு. நான் எந்த வகை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் நான் இருந்த அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கிள்ளானில் வேறு அறை கிடைத்தது. அதுவும் அடுத்த மாதம்தான் காலியாகும். கையிலிருந்ததெல்லாம் அதன் முன்பணத்துக்குப் போய்விட்டது. நடுவில் தங்க இடமில்லை. தேடாமல் இல்லை. விளம்பரத்திலேயே 'சீனர் மட்டும்', 'மலாய்ப் பெண்கள் மட்டும்' என்று போட்டுவிடுகிறார்கள். அதற்குக் கோபப்பட்டுப் பட்டு எனக்குச் சலித்துவிட்டது. சலிக்காமல் எரிந்தது, அறை வாடகைக்கு விடும் நல்லம்மாள் ஆன்டி வீட்டு வாசலில்தான். நெற்றி நிறைய விபூதி. கிரில் கதவைத் திறக்காமலே பேசினார்.

"நம்மாளுங்களுக்குக் குடுக்கிறதில்லம்மா. கோவிச்சுக்காதே. இன்னைக்கு ஒருத்தி வருவா, நாளைக்கு அவ சொந்தம் பூரா வந்து குந்திக்கும்."

"ஆன்டி, நீங்களே நம்மாளுதானே?"

"அதனாலதாம்மா தெரியுது" என்றார்.

ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் கேரி தீவுத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து கே.எல். வந்து சேர்வதற்குள் அலுவலகத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் அண்ணன் குகன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அம்மா அஞ்சம்மாள் தோட்டம் முழுக்க, "ரோகிணி சென்ட்ரல் பக்கத்துல கொண்டோல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். அடுக்குமாடிக் கொண்டோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடைவீட்டு மாடியில் பலகை வைத்துத் தடுத்த அறை. இப்போது அதுவும் போய்விட்டது என்று தெரிந்தால், அண்ணன் மறுநாளே லோரியைக் கொண்டுவந்து நிறுத்துவான். "படிச்சதெல்லாம் போதும்லா, தோட்டத்து ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணி வேலை இருக்கு" என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னவன்தான். அந்த லோரியில் ஏறினால் அடுத்தது மாப்பிள்ளை பார்ப்பார்கள். சும்மா நாலு நாள் என்று வீட்டுக்குப் போய்த் திரும்பி வராத பெண்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் கூடாரம்.

"வாங்க மேடம். டெண்டா? எத்தனை பேருக்கு?" என்று கேட்ட இளைஞர் சட்டையில் 'இக்ராம்' என்று பெயர் மாட்டியிருந்தார். பேச்சைக் கேட்டாலே தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர் என்று தெரிந்தது.

"ஒருத்தருக்கு."

"இதப் பாருங்க. தூக்கிப் போட்டா தானா விரிஞ்சுக்கும்." வீசினார். அது பட்டென்று விரிந்து பக்கத்திலிருந்த மழைக்கோட்டு அடுக்கைத் தள்ளிவிட்டது. விலை மலிவுதான். ஆனால் மடக்கியபோது கல்யாணத் தாம்பாளம் மாதிரி வட்டமாக நின்றது. அதை முதுகில் மாட்டிக்கொண்டு அலுவலக லிஃப்டில் ஏறினால் மேனேஜர் என்ன கேட்பார்?

"என் கம்ப்யூட்டர் பைக்குள்ள போகணும்" என்றேன்.

"அப்ப இது. உள்ள நிமிர்ந்தே நிக்கலாம்."

"நிக்க வேண்டாம். படுத்தா போதும். உயரமே இருக்கக் கூடாது. கலரும் கண்ணுல படக் கூடாது."

இக்ராம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க மேடம் போடப் போறீங்க?"

"புரோகா மலைல."

"புரோகாவுக்குப் போறவங்க எல்லாம் ஆரஞ்சு, மஞ்சள்னு கேப்பாங்க. போட்டோல பளிச்சுன்னு விழணுமாம். நீங்க காணாமப் போற கலரா கேக்குறீங்களே."

எனக்குக் காது சுட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி ஜமால் முகமது தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பொண்ணு கேக்குறத எடுத்துக் குடுடா. நீ என்ன போலீஸா, விசாரணை பண்ற?"

கடைசியில் இக்ராம் ஒன்றை உருவி எடுத்தார். குடை நீளம்தான் இருந்தது. கம்பி கிடையாது. முன்பக்கக் கயிற்றை மரத்தில் கட்டி, பின்பக்கத்தைத் தரையோடு முளையடித்துவிட வேண்டும். தலைமாட்டில் இடுப்புயரம், கால்மாட்டில் முழங்காலுக்கும் கீழே. மேல் துணி தரைவரை இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும், மழைச்சாரல் உள்ளே வராது. கொசுவலையும் உண்டு. கரும்பச்சையின் விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். இன்னொன்றில் ஓரத் தையல் கோணியிருந்ததால் விலையைக் குறைத்திருந்தார்கள்.

"இது பிரவுன் மேடம். காஞ்ச இலை கலரு. வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல ஒரு தடவை பிடிச்சுப் பாத்துக்குங்க. டியூப் லைட்டு ஏமாத்தும்."

அந்தத் தெருவில் துணி வாங்குகிற எல்லோரும் செய்வதுதான் அது. முந்தானையைக் கடை வாசலுக்கு இழுத்துவந்து பார்க்காமல் என் அம்மா ஒரு சேலைகூட எடுத்ததில்லை. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் நடுத்தெருவில் கூடாரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கவா? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

"பரவால்ல. கட்டிக் குடுங்க" என்றேன்.

இடத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால், ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் கோடியில் ஓர் ஆலமரம். வீடு மாறிப் போகிறவர்கள் பழைய சாமி படங்களைக் குப்பையில் போட மனம் வராமல் அதன் வேரடியில் வைத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடி உடைந்த லட்சுமி, செல்லரித்த முருகன். துப்புரவு செய்கிறவர்கள் அந்த மரத்தைத் தொடுவதில்லை. காவல்காரரும் அங்கு வருவதில்லை. பயம். படித்தவள் நான் கணக்குப் போட்டேன்: சாமி இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் வர மாட்டார்கள். அங்கேதான் ஒரு பெண் தனியாகப் படுக்கலாம். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இருட்டுவதற்குச் சற்று முன் கட்டு, வெளுப்பதற்குள் அவிழ்த்துவிடு. இப்படி ஒளிந்து தங்குகிறவர்களின் வீடியோக்களில் எல்லோரும் சொல்வது இதைத்தான். அறையைக் காலி செய்த ஞாயிறு சாயங்காலம், மங்கிய வெளிச்சத்தில் கட்டிவிட்டேன். முதல் இரவு ஒவ்வொரு ரயிலுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. இலை விழுந்தால் செருப்புச் சத்தம் மாதிரி கேட்டது. வீட்டுச் சாவியை விரல்களுக்கிடையே முள்ளாகப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். இனி அது எந்த வீட்டுக்கும் சாவியில்லை, குத்துவதற்காவது ஆகட்டும். வெளுக்கும் நேரத்தில்தான் அசந்து தூங்கினேன்.

கண் விழித்தபோது என் கைகூடச் சிவப்பாகத் தெரிந்தது. காய்ந்த இலையாம்! வெயில் பட்டதும் துணி அசல் குங்கும நிறத்தில் தகதகத்தது. பதறி எழுவதற்குள் வெளியே பேச்சுக் குரல்.

"டேய் பரமேஸ்வரா, இங்க பாருடா. யாரோ புதுசா கோயில் வைக்கிறாங்க போல. செவப்புத் துணி போட்டு மூடியிருக்கு."

"மூடியிருந்தா தொடாத கார்த்திகேசு. இன்னும் கண்ணு தொறக்காத சாமி. தொட்டா நமக்கு ஆவாது."

"தொடலலா. நம்பர் மட்டும் கேட்டுக்கறேன்."

"கண்ணு தொறக்காத சாமி எப்படிடா நம்பர் குடுக்கும்?"

"அதுதான்டா குடுக்கும். இன்னும் ஒருத்தனும் போய் கேக்கல பாரு. ஃபிரெஷ்."

நம் ஆட்களை எனக்குத் தெரியாதா? சாலையோரக் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தால் போதும், லாட்டரி நம்பர் கேட்க வந்துவிடுவார்கள். தெரிந்திருந்தும் அந்த மரத்தடியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உள்ளே படுத்திருக்கிறேன். மூச்சை அடக்கினேன். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அசையாதே. தும்மாதே. வாழைப்பழச் சீப்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தீப்பெட்டி உரசும் சத்தம்.

கற்பூரம். என் தலைமாட்டில், துணிக்கு ஒரு சாண் தள்ளி. துணி நைலான். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசியது. சுடர் சாய்ந்து நிமிர்வது துணி வழியாகத் தெரிந்தது. பேசினால் இடம் போய்விடும், பேசாவிட்டால் நானே போய்விடுவேன். சுடர் இன்னொரு முறை சாய்ந்தது.

"கற்பூரத்தை அணை!"

ஒரு ஜோடி செருப்பு புதரை மிதித்துக்கொண்டு ஓடியது. பரமேஸ்வரன். மற்றவர் தடாலென்று விழுந்த அதிர்வு என் முதுகுக்கடியில் தெரிந்தது.

"தாயே! நாலு நம்பர் சொல்லு தாயே!"

"நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதல்ல அணைங்கண்ணே, துணி பத்திக்கும்!"

விழுந்தவர் எழுந்தார். எந்த அம்மனும் பக்தனை 'அண்ணே' என்று கூப்பிட்டிருக்க மாட்டாள். செருப்பால் கற்பூரத்தைத் தேய்த்து அணைத்தார். நான் ஸிப்பை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். ஐம்பது வயது இருக்கும், பாதுகாவலர் சீருடை. நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"யாரும்மா நீ? இங்க என்ன பண்ற?"

"தூங்குறேன். ரூம் கிடைக்கல. ஆபிஸ்ல வேலை செய்யிறேன். டிகிரி முடிச்சிருக்கேன்." எதற்கு அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"டிகிரி முடிச்சிட்டு மரத்தடியிலயா? ஐயோ பாவமே." நிஜமாகவே வருந்தினார். "எங்க அக்கா வீட்டுல மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு, பூட்டி..."

ஸிப்பை முழுக்க இறக்கினேன். "கேட்டுச் சொல்றீங்களாண்ணே? அடுத்த மாசம் வரைக்கும் போதும். நான் சமைக்கக்கூட மாட்டேன்."

அவர் பார்வை கீழே இறங்கிப் பழத்தில் நின்றது. "அது வந்தும்மா... அக்கா நம்மாளுங்களுக்குக் குடுக்க மாட்டாங்கலா."

கூடாரத்துக்கு முன்னால் மண்ணில் விழுந்து கும்பிட்ட மனுஷன். "அப்ப சாமியா இருந்தா மட்டும் குடுப்பாங்களா?" என்று கத்தினேன். அவர் பழத்தை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, விட்டுவிட்டுப் போனார். முளைகளைப் பிடுங்கினேன். இனி அந்த மரத்தடி எனக்கு ஆகாது. ஓடிப்போன பரமேஸ்வரன் சும்மா இருக்கப் போவதில்லை.

சும்மா இருக்கவும் இல்லை. அலுவலகக் கட்டடத்தில் சைக்கிளில் வருகிறவர்களுக்கென்று இருக்கும் குளியலறையில் குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தபோது அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்திருந்தது.

"ரோகிணி, பிரிக்பீல்ட்ஸ்ல ஆத்தோரம் ஒரு அம்மன் வாயத் தொறந்து பேசுச்சாமே! கற்பூரம் வேணாம்னு சொல்லிச்சாம். தோட்டத்து குரூப்ல பூரா அதுதான் பேச்சு. உன் கொண்டோக்குப் பக்கம்தானாம். ஆபிஸ் முடிஞ்சதும் போய் நல்ல மாப்பிள்ளை வேணும்னு கும்புட்டுட்டு வா."

படிக்கட்டுப் பக்கம் போய் அழைத்தேன். பொய் சொல்லத்தான் போனேன். ஆனால் அவள் குரலைக் கேட்டதும் வந்தது வேறு.

"அம்மா, அது அம்மன் இல்ல. நான்தான்."

அறை போனது, கொண்டோ இல்லாதது, கூடாரம், எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. அண்ணனின் லோரி கிளம்பிவிட்டது மாதிரியே இருந்தது எனக்கு.

"கற்பூரம் மேல படலயே?"

"படல."

"அண்ணங்கிட்ட சொல்லிடாத. லோரியத் தூக்கிட்டு வந்துருவான். வந்தா விடமாட்டான்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னைக்கு எங்க படுப்ப?" என்றாள்.

"தெரியலம்மா. வேற இடம் பாக்கணும்."

"நான் வரேன். சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். அதுல ரெண்டு பேரு படுக்கலாமா?"

"ஒருத்தருக்குத்தாம்மா. அதுவே இறுக்கம். நீ வராத, எனக்கு இன்னும்..."

"நான் ஒல்லிதான்லா. தனியா படுத்திருக்கியே, ஒருத்தன் வந்தா என்ன செய்வ? நீ உள்ள படு. நான் வெளிய உக்காந்துக்கறேன்." வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. பஸ்ஸுக்குப் போக இந்நேரம் சேலை மாற்றிக்கொண்டிருப்பாள். வருகிறேன் என்று சொன்னால் வந்துவிடுவாள்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு இடக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஒருத்தியை மறைக்கும் இடத்தைத் தேடியே கால் தேய்ந்திருந்தது. இப்போது சாயங்காலத்துக்குள் இரண்டு பெண்களை மறைக்கும் இடம் வேண்டும். அதில் ஒருத்திக்கு மெல்லப் பேசவே தெரியாது.