வெயிலில் வைத்த பேட்டரி

தங்கதுரை ஒன்பதாவது முறையாகப் பாட்டை ஓட்டினான். மஞ்சள் புடவையில், கையில் வேப்பிலையோடு, திரையில் அனிதா வாயைத் திறக்கிறாள். அதற்குள் பாட்டு ஒரு வார்த்தை முன்னால் போய்விடுகிறது. நான்காவது வரிக்கு வரும்போது பாட்டு நின்று உடுக்கை அடிக்கிறது. அந்தப் பெண் இன்னும் மாரியம்மனை அழைத்துக்கொண்டிருக்கிறாள். படத்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். தொடக்கத்தில் ஒட்டியது, முடிவில் விலகியது. முடிவில் ஒட்டவைத்தால் தொடக்கத்தில் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் அவள் கைகள் வெடவெடத்தன.

"ஆத்தா, என்னை ஏன் இப்படிப் படுத்தற?" என்று சுவரிலிருந்த படத்திடம் கேட்டான்.

நாளை கோயிலில் பூச்சாட்டு, திருவிழாவின் தொடக்கம். காலையில் உள்ளூர் கேபிளில் பாட்டு வந்தாக வேண்டும். பத்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன் அவன். டேப் போய் சி.டி. வந்ததைப் பார்த்தவன், இதய வடிவத்துக்குள் மணப்பெண் முகத்தைச் சுழலவிட்டுக் கைதட்டு வாங்கியவன். முன்பு கேட்டால் போதும் என்றிருந்த சாமி பாட்டை இப்போது எல்லோரும் பார்க்கவும் ஆசைப்பட்டார்கள். ஊருக்கு ஒரு ஆல்பம். எல்லாவற்றிலும் உதடு ஒட்டாத இடத்தில் ஒரு பூவைப் போட்டுச் சமாளித்திருக்கிறான். இதில் எத்தனை பூவைப் போடுவது?

படப்பிடிப்பு பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே கரண்ட் இல்லை. பாட்டைக் கேட்டு வாயசைக்க ஒரு பழைய டேப் ரெக்கார்டர். செலவு முழுவதும் அனிதாவின் அப்பா, பனியன் கம்பெனி முதலாளி பெருமாள்சாமியுடையது. அவர் தீர்ந்துபோன ஆறு பேட்டரிகளை வரப்பில் வரிசையாகக் காயவைத்திருந்தார். "புதுசு எதுக்குங்க தம்பி? ரெண்டு மணி நேரம் வெயில்ல கெடந்தா ஜம்முனு ஓடும்."

ஓடத்தான் செய்தது, இழுத்து இழுத்து. அன்றைய அவசரத்தில் அது ஒருத்தி காதில்தான் விழுந்தது. பாட்டைப் பாடிய செல்லத்தாய். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து வந்து பெருமாள்சாமியின் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். "அண்ணே, நான் இப்பிடி இழுத்துப் பாடலையே," என்றாள்.

"பாடுனதோட உங்க வேலை முடிஞ்சுதுங்கக்கா," என்று சொல்லிவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். "ஒரு ஓரமா நானும் நிக்கட்டாண்ணே? எம் மவ ஊர்ல எங்க அக்கா வீட்ல இருந்து படிக்கா. எங்கம்மா டி.வி.ல பாடுதுன்னு சொன்னதுக்குப் பள்ளியோடத்துல எல்லாரும் பொய்க்காரின்னு சொல்லுதாங்களாம். சி.டி. அனுப்புனா போட்டுக் காட்டுவா."

"பார்க்கலாங்க," என்றான். பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் நாக்கு கசந்தது.

ஒட்டாத இடங்களையெல்லாம் வெட்டினான். செவ்வரளி போட்டான். கோயில் கோபுரம் போட்டான். பல்லடம் சாலைக் காற்றாலைகளைப் போட்டான். இன்னும் பன்னிரண்டு வினாடி இடைவெளி இருந்தது. எரிச்சலோடு கேமரா டேப்பின் மிச்சத்தை ஓட்டியபோது, அணைக்க மறந்த கேமராவில் ஏதோ பதிவாகியிருந்தது. அனிதாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே செல்லத்தாய் தனக்குத்தானே பாடுகிறாள். டேப் ரெக்கார்டர் நின்றிருந்த நேரம். எடுத்துப் பாட்டின் மேல் வைத்தான். உதடு அப்படியே உட்கார்ந்தது.

கும்பிட்டுக்கொண்டான்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பெருமாள்சாமி படியேறி வந்தார். நின்றபடியே பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது மாரியாத்தா பாட்டா, காத்தாடி வெளம்பரமா? என்ற புள்ள எங்கீங்க?"

"வருவாங்க. பாருங்க."

செல்லத்தாய் வந்தாள். அவர் முகம் சுருங்கியது. "இதாரு? நம்ம செக்கிங்கு புள்ளயா? ஊருச் சனமெல்லாம் பாக்கறதுக்கு இத எதுக்குங்க போட்டீங்க? எடுத்துப்போட்டு இன்னொரு காத்தாடியப் போடுங்க."

"பாட்டு முழுக்க இது ஒண்ணுதாங்க ஒட்டுது."

"மத்ததெல்லாம் ஏன் ஒட்டல?"

தங்கதுரை தயங்கினான். "பேட்டரி இழுத்திருச்சுங்க. இந்தக்கா அன்னைக்கே சொன்னாங்க. நாந்தாங்க கேக்கல." வெயிலைப் பற்றியும் வரப்பைப் பற்றியும் அவன் பேசவில்லை.

பெருமாள்சாமி சட்டைப் பையைத் தொட்டார், கண்ணாடியை எடுத்தார், துடைத்தார். கீழே பனியன் வேஸ்ட் ஏற்றும் லாரி உறுமிக்கொண்டு நின்றது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த எடத்த இன்னொருக்கா போடுங்க."

போட்டான். செல்லத்தாய் உதடுகளுக்கிடையில் கடித்திருந்த ஊக்கை எடுத்து அனிதாவின் தோளில் குத்தினாள், மடிப்பை ஒருமுறை தடவிவிட்டாள், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாயைத் திறந்தாள்.